மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வண்ணமீன்: குமரி மாவட்டத்துத் தொழுத்துகளுக்கான முழுமையான வழிகாட்டி

கிணற்றில் நான்கு மீன் கிடந்தால் தண்ணீர் கெடாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. மீன் தண்ணீரைச் சுத்தம் செய்துவிடாது. ஆனால் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்ற அளவில் அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. கிணற்றில் மீன் விடத் தயங்காதவர்கள்கூட, மாடு குடிக்கும் தொட்டி என்றவுடன் மாட்டுக்கு ஏதாவது ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள். கல்குளம் வட்டத்தில் இரண்டு பசுக்களையும் ஒரு தொட்டி நிறையக் கப்பி மீன்களையும் சில ஆண்டுகளாகச் சேர்த்தே வளர்த்து வருபவன் என்ற முறையில் என் பதில் இது: மீனால் மாட்டுக்கு நேரடியாகக் கேடு வருவது அரிது, மாட்டுக்காக நாம் செய்யும் வேலைகளால் மீன் சாவதும், மீனுக்காக நாம் செய்யும் வேலைகளால் மாட்டின் குடிநீர் கெடுவதும்தான் கவனிக்க வேண்டியவை. தொட்டி மாட்டுக்கு உரியது, மீன் அதில் ஒண்டுக்குடி இருக்கிறது என்ற வரிசை மனத்தில் நின்றால், கீழே சொல்லும் படிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாக விளங்கும்.

தொட்டியும் இடமும்

பெரும்பாலான தொழுத்துகளில் (மாட்டுத் தொழுவங்களில்) கழனியும் (அரிசி கழுவிய நீரும்) தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைக்கும் தொட்டி ஒன்றும், பச்சைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் இருக்கும். கழனித் தொட்டியில் மீன் விடுவதை நினைக்கவே வேண்டாம். தவிட்டுத் தண்ணீர் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். அதில் பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். இரண்டுக்கும் ஒரே தொட்டியை வைத்திருப்பவர்கள், கழனிக்கென்று ஒரு பழைய சருவத்தை (அகன்ற பாத்திரத்தை) ஒதுக்கிய பிறகே அடுத்த படிக்குப் போகலாம்.

என் தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம் கொண்டது. விளிம்பில் 3 அங்குலம் விட்டு நிரப்பினால் 14 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்பதால் ஏறத்தாழ 400 லிட்டர். 3 அடி விட்டமுள்ள கிணற்று உறையின் அடியைப் பூசி நிறுத்தினாலும் 2 அடி உயரத் தண்ணீரில் அதே 400 லிட்டர் கிடைக்கும். கறவைப் பசு ஒன்று வெயில் நாளில் 50 அல்லது 60 லிட்டர் குடித்துவிடும் என்பதால், 200 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் மீன் விடுவது வீண். மாலையில் மீனின் முதுகு வெளியே தெரியும் அளவுக்கு நீர் இறங்கிவிடும்.

மாடு குடிப்பதில் மீனுக்கு ஒரு பெரிய ஆதாயம் இருக்கிறது. வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பும் கழிவும் தொட்டியிலேயே தங்கிச் செறிந்துகொண்டே போகும்; மாடு குடிக்கும்போதோ மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவும் தண்ணீரோடு சேர்ந்தே வெளியேறுகிறது. என் இரண்டு பசுக்களும் சேர்ந்து நாளொன்றுக்குத் தொட்டியில் கால் பங்கைக் குடித்துவிடுகின்றன. அதை நான் புதுத் தண்ணீரால் நிரப்புகிறேன். கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை வாளியும் குழாயுமாகப் பாடுபட்டுச் செய்யும் வேலையை இங்கே மாடே தினமும் செய்துவிடுகிறது. இயந்திர வடிகட்டி இல்லாமல் இந்த முறை நடப்பதற்கு முக்கியமான காரணம் இதுவே. மீன் கழிவின் அளவு குறைவாகவும் நீர்மாற்றம் மிகுதியாகவும் இருப்பதால், மாடு குடிக்கும் தண்ணீரிலும் அது பொருட்படுத்தத் தக்க அளவுக்குச் சேர்வதில்லை; மீனின் எண்ணிக்கையை எல்லைக்குள் வைத்திருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

பழைய கருங்கல் தொட்டி கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சிமெண்ட் தொட்டியும் நல்லதே, ஆனால் பதப்படுத்த வேண்டும். பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பீப்பாய் வாங்கும்போது, அதில் முன்பு என்ன இருந்தது என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம். ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் வந்த கேன்களையும், பூச்சிமருந்து வந்த பாத்திரங்களையும் கழுவித் தொழுத்தில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மீன் இல்லாவிட்டாலும் அது தவறு.

தொட்டி நிற்கும் இடத்தில் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழுந்தால் போதும். பங்குனி, சித்திரை வெயில் நாள் முழுவதும் விழுந்தால் ஆழமில்லாத தொட்டியின் நீர் 35 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். மேற்குப் பக்கம் இரண்டு ஓலைக் கீற்று கட்டினாலே நிழல் கிடைக்கும். தென்னை மூட்டில் தொட்டி வைத்தால் தேங்காயும் மட்டையும் விழும். ரப்பர் மரத்தடியில் வைத்தால் தை, மாசியில் இலையுதிர்ந்து தண்ணீர் கறுத்துப் போகும்.

சிமெண்டைப் பதப்படுத்துதல்

புதிய சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு, தண்ணீரின் காரத்தன்மையை மீன் தாங்காத அளவுக்கு ஏற்றிவிடும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பி மூன்று நான்கு நாள் விட்டு, முழுவதும் வடித்து, தும்பால் (தேங்காய் நாரால்) தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்ப வேண்டும். இப்படி ஐந்து முறையாவது செய்வது நல்லது. இடையில் ஒரு முறை, குலை வெட்டிய வாழையின் தடையை (அடித்தண்டை) துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு ஒரு வாரம் ஊறவிடுவது எங்கள் பக்கத்துக் கைமுறை. அது அழுகும்போது உண்டாகும் அமிலம் சுண்ணாம்பை முறிக்கிறது. அந்தக் கறுத்த நீரை வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் கழித்து, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். 8.5க்கு மேல் காட்டினால் மீண்டும் ஒரு சுற்று.

தொட்டியின் உட்புறம் அவ்வப்போது சுண்ணாம்பு அடிப்பது மாட்டுக்கு நல்ல வழக்கம். பாசி பிடிக்காது, கிருமியும் குறையும். ஆனால் மீன் உள்ள தொட்டியில் அது கூடாது. வெளிப்புறத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துவிட்டு, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். சுண்ணாம்பு அடித்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள், மீன்களை இரண்டு வாரமாவது வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மேலே சொன்ன பதப்படுத்தலை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

தண்ணீர்

இந்த மாவட்டம் சிறியது; தண்ணீர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். மேற்கே செம்பாறை மண்ணில் தோண்டிய பல கிணறுகளின் நீர் சற்றே அமிலத்தன்மையோடு இருக்கும். கடலோரத்தில் பல கிணறுகள் உவர்ப்பு. கப்பி, மோலி ஆகிய மீன்களுக்குச் சற்றே காரமான, கடினமான நீர் பிடிக்கும். ஆகவே கடலோரத்தில் மோலி செழிக்கிறது. அதே மோலியை மேற்கே கொண்டுபோனால் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். செம்பாறைக் கிணற்று நீருக்குச் சிமெண்ட் தொட்டி ஒரு வகையில் பொருத்தமே. அதில் எஞ்சியிருக்கும் சிறிதளவு சுண்ணாம்பு அமிலத்தைச் சமன் செய்யும். பி.எச். 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருந்தால் போதும். அதற்கு மேல் நுணுக்கம் பார்க்கத் தேவையில்லை.

கிணற்றிலிருந்து கோரி ஊற்றுபவர்களுக்குக் குளோரின் கவலை இல்லை, ஆனால் மழைக்குப் பின் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாள்களில் அந்த நீரைத் தொட்டிக்கு ஊற்றக் கூடாது. வாடை முற்றிலும் போன பிறகும் ஒரு நாள் பொறுப்பது நல்லது. குழாய் நீரை வாய் திறந்த பாத்திரத்தில் 24 மணி நேரம் வைத்திருந்து ஊற்ற வேண்டும். வெறுந்தொட்டியை நிரப்புவதற்கும் தினசரி நிரப்புவதற்கும் இதே விதிதான்.

உள்ளே என்ன இருக்கலாம்

மாடு முகத்தை இறக்கியவுடன் மீன்கள் ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டும். நான் ஒரு வெட்டுக்கல்லை மூலையில் நிறுத்தி, அதன்மேல் பழைய ஓடு ஒன்றைச் சாய்த்திருக்கிறேன். பக்கத்தில் வாய் உடைந்த மண்கலயம் ஒன்று, உடைந்த விளிம்பைத் தேய்த்து மழுக்கியது. மாடு உதட்டை நீரில் வைத்து உறிஞ்சுவதால் வளர்ந்த மீன் அதன் வாய்க்குள் போவது அபூர்வம். முதல் வாரம் சிதறி ஓடும் மீன்கள், பிறகு மாட்டின் மீசையில் ஒட்டியிருக்கும் தவிட்டுத் துணுக்குக்காக மூக்கருகிலேயே வந்து நிற்பதைக் காணலாம். பசு மூச்சை விட்டுத் தண்ணீரைக் குமிழியிடச் செய்யும்போது ஒரு சாண் விலகி, அது அடங்கியதும் மறுபடியும் வந்து கொத்தும்.

கடையில் விற்கும் வண்ணக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, பொம்மை ஆகியவற்றை மாடு நக்கி விழுங்கிவிடும்; அவை வேண்டாம். மின்சாரமும் வேண்டாம். ஈரத் தரையில் நிற்கும் மாடு, மனிதனைவிடக் குறைந்த மின்கசிவிலேயே விழுந்துவிடும். மோட்டார் இல்லாத தொட்டியின் அருமை எனக்குப் புரிந்தது 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த பிறகுதான். பல நாள் மின்சாரம் இல்லாமல் கூடத்துக் கண்ணாடித் தொட்டி மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. தொழுத்துத் தொட்டியில் ஒன்றும் ஆகவில்லை.

செடி என்றால் ஒரு கைப்பிடி வேலம்பாசி போதும். குஞ்சுகள் அதனுள் ஒளியும். மாடு கொஞ்சம் தின்றாலும் கேடில்லை. மாட்டுத் தீவனமாகும் மிதக்கும் சிறு செடியான அசோலாவை இதே தொட்டியில் வளர்க்கலாமே என்று தோன்றும். அது இரண்டு வாரத்தில் நீர்ப்பரப்பை மூடி, கீழே ஆக்சிஜனைக் குறைத்துவிடும். அசோலாவுக்குத் தனிக் குழியே சரி.

இந்த வழிகாட்டியில் மாட்டின் பொருட்டு ஒன்றை மட்டும்தான் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும் என்றால், நான் நத்தையைச் சொல்வேன். மாட்டின் கல்லீரல் தட்டைப்புழுவும் வேறு சில தட்டைப்புழுக்களும் தங்கள் வாழ்க்கையின் ஒரு பகுதியை நன்னீர் நத்தைக்குள் கழிக்கின்றன. சாணத்தோடு வெளிவரும் முட்டை நீரில் பொரிந்து, நத்தைக்குள் புகுந்து பெருகி, மீண்டும் மாட்டைச் சேர்கிறது. தொழுத்துத் தொட்டியில் சாணத் துளி தெறிக்காமல் இருக்காது. அங்கே நத்தையும் வந்துவிட்டால் அந்தப் புழுவுக்கு வேண்டிய அனைத்தும் ஓரிடத்தில் கூடிவிடும். ஆகவே குளத்திலிருந்தோ வயல் ஓடையிலிருந்தோ பாசியை அப்படியே அள்ளி வந்து போடக் கூடாது. கடையில் வாங்கிய செடியைக்கூட இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து, இலையடியில் ஒட்டியிருக்கும் கூழ் போன்ற முட்டைத் திரளைத் தேடி நசுக்கிய பிறகே தொட்டிக்கு மாற்ற வேண்டும். தொட்டியில் நத்தையைக் கண்டால் அன்றே பொறுக்கி எடுக்க வேண்டும். பெருகிவிட்டால் தொட்டியை வடித்து உலர்த்துவதைத் தவிர வழியில்லை. நத்தையைக் கொல்ல மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடச் சொல்பவர்கள் உண்டு. அது மீனையும் கொல்லும், ஆட்டுக்கும் ஆகாது.

எந்த மீன்

கப்பிதான் என் முதல் பரிந்துரை. தென் அமெரிக்காவின் வடகிழக்கிலிருந்து வந்த இந்தச் சிறுமீன் நம் வெப்பத்தைத் தாங்கும், குட்டி போடும், கொசுப்புழு தின்னும். 400 லிட்டருக்கு நான்கு ஆண், பத்துப் பெண் என்று தொடங்கினால் போதும். பெண் மீன் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். வால் நீண்ட விலையுயர்ந்த இனங்களை விட்டுவிட்டு, சாதாரணக் கப்பியையே வாங்கலாம். நீண்ட வால் இந்த வாழ்க்கைக்கு ஒத்துவராது. பிளாட்டியும் கப்பியைப் போலவே. உவர்ப்பு நீர் உள்ளவர்களுக்கு மோலி.

நம் ஓடைகளிலேயே மானத்துக்கண்ணி இருக்கிறது. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்ப்பரப்பை ஒட்டியே திரியும். கொசுப்புழு தின்பதில் கப்பிக்குக் குறைந்ததல்ல, ஆனால் துள்ளும். அதை வளர்ப்பவர்கள் விளிம்பிலிருந்து அரை அடி குறைவாகவே நீர் வைக்க வேண்டும்.

கோல்டு ஃபிஷ், கோய் ஆகியவை கழிவு மிகுதியாகப் போடுபவை. மாட்டின் குடிநீரில் அவை வேண்டாம் என்பதே என் கருத்து. கொசு ஒழிப்புக்காக 1928இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா, பிற மீன்களின் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் தின்னும் முரட்டு மீன். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும்; சுத்தமும் செய்யாது.

மீன் விடும் நாள்

வாங்கிய மீனை நேரே தொட்டியில் விடக் கூடாது. பத்து நாளாவது தனி வாளியில் வைத்துப் பார்க்க வேண்டும். வெண்புள்ளியோ பஞ்சு போன்ற பூசணமோ தெரிந்தால், அந்த வாளியிலேயே 10 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு சேர்த்துக் குணப்படுத்தலாம். மீன் கடையில் தரும் நீல மருந்து, பச்சை மருந்து எதுவும் மாட்டுத் தொட்டிக்குள் ஒரு துளிகூட விழக் கூடாது.

அந்த நாள்கள் கழிந்து, மாலை வெயில் தணிந்த பிறகு, மீனை வாளி நீரோடு ஒரு பையில் எடுத்து, அந்தப் பையைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, கால் மணிக்கு ஒரு குவளை வீதம் தொட்டி நீரைப் பையில் சேர்த்து, மூன்று நான்கு குவளை ஆனதும் மீனை மட்டும் கைவலையால் எடுத்து விட வேண்டும். பையின் நீரை வெளியே கொட்டிவிடலாம். மாடு அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது போதுமானது.

அன்றாடம்

தீவனம் அநேகமாகத் தேவையில்லை. பாசி, கொசுப்புழு, மாட்டின் வாயிலிருந்து உதிர்வது ஆகியவையே போதும். ஆசைக்காகப் போடுபவர்கள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போட வேண்டாம். தண்ணீரை ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினால் காற்றும் சேர்ந்து கலக்கும்.

விடியற்காலையில் ஒரு பார்வை அவசியம். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். பாதி நீரை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். சுவரில் வழுவழுப்பாகப் படியும் பச்சைப் பாசி நல்லது, அதில் வாழும் நுண்ணுயிர்களே அமோனியாவை மாற்றிக் கொடுக்கின்றன. ஆனால் நீர்ப்பரப்பில் பெயின்ட் கொட்டியது போல நீலப்பச்சை ஆடை படிந்து நாற்றம் அடித்தால், அது மாட்டையே கொல்லக்கூடிய நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். மாட்டை உடனே விலக்கி, தொட்டியை முழுவதும் வடித்துத் தேய்த்து உலர்த்த வேண்டும்.

வாரம் ஒருமுறை அடியில் தங்கும் வண்டலைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றி, தீவனப் புல்லுக்கோ வாழைக்கோ விடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய நீரில் ஒரு பங்கை வாளிகளில் எடுத்து மீனை அதில் விட்டுவிட்டு, கதம்பைத் தும்பால் மூன்று சுவரை மட்டும் தேய்த்து, நான்காவதை அப்படியே விட வேண்டும். சோப்பு கூடாது.

மீனைக் கொல்லும் மருந்துகள்

என் முதல் மீன் கூட்டம் முழுவதும் ஒரே இரவில் போனது. பசுவுக்கு உண்ணி மிகுந்திருந்ததால், வாங்கி வந்த மருந்தைக் கலக்கி மாலையில் தெளித்தேன். கழுத்துத் தொங்குசதையில் மருந்து சொட்டச் சொட்ட அது நேராகத் தொட்டிக்குப் போய்த் தலையை இறக்கியது. நீர்ப்பரப்பில் மெல்லிய எண்ணெய் வளையம் ஒன்று விரிவதைப் பார்த்தும் நான் பொருட்படுத்தவில்லை. அரை மணி நேரத்தில் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து வட்டமிட்டன. காலையில் வயிறு பெருத்த பெண் மீன்கள் உட்பட எல்லாம் மிதந்தன. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற உண்ணி மருந்துகள், பாலூட்டிகள் தாங்கும் அளவில் மிக மிகச் சிறிய பங்கிலேயே மீனைக் கொன்றுவிடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இப்போது மருந்து தெளிக்கும் நாளில் மாட்டைத் தொட்டிக்கு எட்டாத இடத்தில் கட்டி, மறுநாள் வரை வாளியில் தண்ணீர் காட்டுகிறேன்; தொட்டியைத் தார்ப்பாயால் மூடுகிறேன்; தெளித்த கையைத் தொட்டியில் அலசுவதில்லை.

ரப்பர்த் தோட்டத்தை ஒட்டியிருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மழைக்கு முன் இலைவீழ்ச்சி நோய்க்காக அடிக்கும் போர்டோக் கலவையும் பிற செம்பு மருந்துகளும் காற்றில் மிதந்து வந்து விழும். தோட்டக்காரரிடம் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று தொட்டியை மூடிவிட வேண்டும். ரப்பர் ஷீட் அடிக்கும் தட்டுகளைக் கழுவும் நீரும் தொட்டிப் பக்கம் ஓடி வரக் கூடாது.

மழையும் பெருக்கமும்

ஆனி, ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழையும் பெறும் மாவட்டம் இது. கூரைத் தண்ணீர் தொட்டியில் விழுந்தால் ஓர் இரவில் நிரம்பி வழியும். வழியும் நீரோடு கப்பியும் போகும். விளிம்புக்கு 3 அங்குலம் கீழே ஒரு வழிகுழாய் வைத்து, அதன் உள்வாயில் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்ட வேண்டும். இங்கே ஓடையில் விழுந்தது வாய்க்காலுக்கும், வாய்க்காலில் போனது குளத்துக்கும் போய்ச் சேரும். சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூரும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. அயல் மீன் அங்கே குடியேறினால் நம் சிறு மீன்களுக்குத்தான் நெருக்கடி.

அதே காரணத்தால், மிஞ்சும் கப்பிகளை ஆற்றிலோ குளத்திலோ விடக் கூடாது. மூடிய கிணறு, பயன்படுத்தாத உரல், அண்டை வீட்டுத் தொழுத்துத் தொட்டி ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம். எடுத்துக்கொள்ள ஆளில்லாத நிலை வந்தால் ஆண் மீன்களை மட்டும் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். பெண் மீன்களைத் தனி வாளிக்கு மாற்ற வேண்டும். ஒருமுறை சேர்ந்த பெண் மீன், அதன்பின் ஆண் இல்லாமலே பல மாதங்கள் குட்டி போடும் என்பதால், அந்த வாளியையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.